பெரியநாயக்கன்பாளையத்தில் மைனஸ் ஒன்று

போன மாதம் ஒரு வெள்ளி, சனிக்கிழமை கோயம்புத்தூர் போய்வந்தேன். ஊட்டி போகிற வழியில் இறங்கியதல்ல. பெரியநாயக்கன்பாளையத்தைத் தாண்டி ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. அதற்கு வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் நான். சுற்றுலா போகிறவர்களுக்கு எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தேர்வு நடத்தப் போகிற வாத்தியார்களுக்கு யாரும் எழுதுவதில்லை என்பதால் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு சந்தேகப் பிராணி. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் கிடையாது. கணக்கு வாத்தியாருக்கு அது தொழில் குணம் என்பது என் வாதம். வீட்டில் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பயணத்தில் சந்தேகப்படக் காரணமும் இருந்தது. கோகிலா என்ற அந்த மாணவியின் ஆய்வேடு எனக்கு மூன்று மாதம் முன்பே வந்துவிட்டது. ஒரு எழுத்துப்பிழை இல்லை. எடுத்துக்காட்டுகளில் ஒரு விடை தப்பில்லை. என் அனுபவத்தில் இவ்வளவு சுத்தமாக எவரும் எழுதுவதில்லை. இன்றைக்கு ஆய்வேடு எழுதித் தருகிறோம், எந்தப் பாடமானாலும் சரி என்று நாம் கேட்காமலேயே வாட்ஸப்பில் செய்தி வருகிறது. அது போதாதென்று அவருடைய நெறியாளர் எனக்கு மூன்று முறை போன் செய்தார். கோகிலா பல வருடங்களாக மணிக்கணக்குச் சம்பளத்தில் பாடம் நடத்துகிறாராம். அடுத்த மாதம் ஒரு நிரந்தர வேலைக்கு நேர்காணல் இருக்கிறதாம். பட்டம் கையில் இருந்தால்தான் உள்ளே விடுவார்களாம். திருத்தி மறுபடி சமர்ப்பிக்கச் சொல்லி நான் எழுதிவிட்டால் அந்த வேலை போய்விடும், பார்த்துச் செய்யுங்கள் என்றார். பார்த்துச் செய்யுங்கள் என்று யாராவது சொன்னால், நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பேன்.

வெள்ளி மதியம் ஒன்றேகாலுக்குத் திருச்சியில் ரயில் ஏறினேன். கரூர், ஈரோடு, திருப்பூர் வழியாகக் கோவைக்கு ஆறரை மணிக்கு வந்து சேர்ந்தது, இருபது நிமிடம் தாமதம். சன்னலோரம் வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு கேட்காதீர்கள், மதியத்துக்கு மேல் வெயில் எந்தப் பக்கம் வரும் என்று பார்த்துக்கொண்டு கேளுங்கள். நான் பார்க்கவில்லை, கரூர் வரை வெந்தேன்.

ஈரோட்டில் ஒரு ஜவுளி வியாபாரி ஏறி எதிரில் உட்கார்ந்தார். மடியில் போர்வை மாதிரிகள் ஒரு கட்டு. என் கையிலிருந்த தடித்த ஆய்வேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க மேடம், இந்தப் பட்டத்துக்கெல்லாம் எவ்வளவுங்க ஆகும்?" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பாருங்கள், ரயிலிலேயே விலை கேட்கிறார்கள் என்று தோன்றியது. அவர் பாவம், எம்.எஸ்ஸி. படிக்கும் மகளுக்காகக் கல்லூரிக் கட்டணம் கேட்டிருக்கிறார். அது புரிய எனக்குத் திருப்பூர் வரை ஆனது.

இந்தப் புத்தகத்துக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்றும் கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும். கோடுகளும் பரப்புகளும் எத்தனை இடத்தில் வெட்டிக்கொள்கின்றன என்று எண்ணுவது வடிவியலில் ஒரு பெரிய வேலை. நேராக எண்ணப் போனால் கண்ணைக் கட்டிவிடும். அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. வடிவத்தைச் சுழல விடவேண்டும். சுழலும்போது பெரும்பாலான புள்ளிகள் நகரும், ஒன்றிரண்டு அசையாமல் நிற்கும், பம்பரத்தின் ஆணி நுனி மாதிரி. அந்த அசையாத புள்ளிகளில் மட்டும் கணக்குப் போட்டால் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு பின்னம் கிடைக்கும். தனியாகப் பார்த்தால் அதற்கு அர்த்தமே இருக்காது. எல்லாவற்றையும் கூட்டினால் முழு எண் ஒன்று வந்து நிற்கும், அதுதான் விடை. வியாபாரி முழுதும் கேட்டுவிட்டு, "மெய்யாலுமே வருதுங்களா?" என்றார். சரியான கேள்வி. நானும் அதைத்தான் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால், கோகிலாவின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு இடத்தில் கூட்டல் கழித்தல் குறி தலைகீழாக இருந்தது. அந்தக் குறியை வைத்துக்கொண்டுதான் பின்னால் எல்லாக் கணக்கும் நடக்கிறது. ஆனால் விடைகள் சரி. நடுவில் தப்பு, கடைசியில் சரி என்றால் ஒரு வாத்தியாருக்கு என்ன தோன்றும்? புத்தகத்தின் பின்பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு, நடுவில் வழி எழுதி நிரப்புகிற பையன்களை நாம் பார்த்ததில்லையா? யாரோ எங்கிருந்தோ விடைகளை எடுத்து, இடையில் அலங்காரம் செய்து, இந்தப் பெண்ணுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

கோவை ஜங்ஷனிலிருந்து ஆர்.எஸ்.புரத்துக்கு ஆட்டோவில் நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் கேட்டது அதுதான், கூட ஒரு ரூபாய் கேட்கவில்லை. வழியெல்லாம் 'ங்க' போட்டுப் பேசினார். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரைக் கண்டால் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் வளர்ப்பு என்னுடையது. பை பத்திரமாகத்தான் இருந்தது.

விடுதியில் அடுத்த அதிர்ச்சி. வரவேற்பில் இருந்தவர் சாவியை நீட்டிவிட்டு, வாடகை கட்டியாகிவிட்டது என்றார். யார் கட்டியது? கோகிலாவின் வீட்டுக்காரர். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பார்கள். அந்தப் பணத்தை அவருக்கே திருப்பி அனுப்பச் சொல்லி, என் அட்டையில் ஆயிரத்து நானூறு ரூபாய் போடவைத்துவிட்டுத்தான் மாடி ஏறினேன். அறை நன்றாக இருந்தது, வெந்நீர் வந்தது. நகைக்கடை, பட்டுக்கடை எல்லாம் நடந்தே போகிற தூரம். நான் போகவில்லை.

காலையில் பஸ்ஸில் போவதாகத் திட்டம். மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து அடிக்கடி வண்டி உண்டு. ஏழரைக்குக் கீழே இறங்கினால் வாசலில் கார். பக்கத்தில் கோகிலாவின் வீட்டுக்காரர் தங்கராசு, இஸ்திரி போட்ட சட்டையோடு. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு செட்டுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"பஸ்ஸுல கூட்டமா இருக்குமுங்க மேடம். நானும் அங்கதானுங்க போறேன். காலியாத்தான் போகோணும்."

இதில் தர்க்கப்பிழை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை, ஏறிவிட்டேன். ஏறுகிற நேரத்தில்தான் பின் சீட்டில் இருந்ததைப் பார்த்தேன். பட்டுக்கடைப் பை ஒன்று, பெரியது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் அவர் அதை அவசரமாக எடுத்து முன் சீட்டில் வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினார். சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். வாடகையைத் திருப்பிவிட்டதால் இப்போது புடவை. கவுண்டம்பாளையம், துடியலூர், நரசிம்மநாயக்கன்பாளையம் என்று பதினெட்டு கிலோமீட்டர். இடது கைப்பக்கம் மலை கூடவே வந்துகொண்டிருந்தது. எல்லாரும் அந்த மலையைப் பற்றித்தான் எழுதுவார்கள். நான் வழி முழுக்க, புடவையை மறுப்பதற்கு மனதுக்குள் ஒரு சின்ன உரை தயாரித்துக்கொண்டிருந்தேன். கோபமில்லாமல், ஆனால் கறாராக. மேம்பாலம் ஒன்று ஏறி இறங்குவதற்குள் அது நன்றாகவே அமைந்துவிட்டது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். நம் ஊரில் இந்தத் தேர்வு பொதுவில் நடக்கும், யாரும் வந்து உட்காரலாம். அதனால் அது பாதி தேர்வு, பாதி சீமந்தம். காலையில் சந்தகை (இடியாப்பத்துக்குக் கொங்கு நாட்டு உறவு), பதினொன்றுக்குக் காப்பி, மதியம் சாப்பாடு, எல்லாம் மாணவர் பொறுப்பு. முதல் இரண்டு வரிசையில் சொந்தக்காரர்கள். கோகிலாவின் மாமியார் பட்டுப்புடவையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். பின்வரிசையில் மாலைகூட வந்து காத்திருந்தது. தீர்ப்புக்கு முன்னால் மாலை வாங்கி வைக்கிற ஊரில், தீர்ப்பு எழுதுகிறவர் நிலைமையை யாரும் யோசிப்பதில்லை.

கோகிலா ஒல்லியாக, முப்பத்தைந்தைத் தாண்டியவராக இருந்தார். திரையில் படம் போட்டு முக்கால் மணி நேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். முப்பரிமாண வெளியில் நாலு கோடுகள் இருந்தால், நாலையும் தொடுகிற கோடுகள் எத்தனை? இரண்டு. ஆறு அசையாத புள்ளிகள், ஆறு பின்னங்கள், கூட்டினால் இரண்டு. சரியான விடை. உலகத்துக்கே தெரிந்த விடையும்கூட. மனப்பாடம் செய்துகொண்டு வந்தாலும் இப்படித்தான் பேச வரும்.

கேள்வி நேரம் வந்தது. பெரிய கேள்வி எதுவும் நான் கேட்கவில்லை. இந்தத் துறையிலேயே மிகச் சின்னக் கணக்கைக் கரும்பலகையில் போடச் சொன்னேன். ஒரே ஒரு கோடு. அது சுழல்கிறது. அசையாத புள்ளிகள் இரண்டு, முடிவிலியில் இருப்பதையும் சேர்த்து. அந்தக் கோட்டைக் குறுக்கே ஒன்று வெட்டினால் எத்தனை புள்ளி? ஒன்று என்பது குழந்தைக்கும் தெரியும். அதை உங்கள் முறைப்படி, உங்கள் இரண்டாம் அத்தியாயத்துக் குறிகளோடு கணக்குப் போட்டுக் காட்டுங்கள் என்றேன். எழுத்துகளுக்குப் பதில் ஐந்து, மூன்று என்று எண்களே போடலாம், எந்த இரண்டு எண் போட்டாலும் விடை மாறாது.

இதுதான் நான் வைத்த பொறி. சரியான வழியில் போட்டால் ஐந்தின் கீழ் ஐந்து கழித்தல் மூன்று, அதோடு மூன்றின் கீழ் மூன்று கழித்தல் ஐந்து. இரண்டரையில் ஒன்றரை போக ஒன்று. ஆய்வேட்டில் இருக்கிற குறிப்படி போட்டால் கீழே இருப்பவை திரும்பிக்கொள்ளும். விலைக்கு வாங்கியவருக்குக் குறி எங்கே மாறுகிறது என்று தெரியாது, விடை மட்டும் தெரியும். அவர் எதையாவது கிறுக்கிவிட்டுக் கடைசியில் ஒன்று என்று எழுதுவார். எழுதியதும் பிடித்துவிடலாம்.

கோகிலா சாக்பீஸை எடுத்தார். ஐந்தின் கீழ் மூன்று கழித்தல் ஐந்து என்று எழுதினார். மைனஸ் இரண்டரை. மூன்றின் கீழ் ஐந்து கழித்தல் மூன்று. ஒன்றரை. கூட்டினார். சமக்குறி போட்டார். மைனஸ் ஒன்று என்று எழுதினார். எழுதிவிட்டு அப்படியே நின்றார்.

எத்தனை பேர் சாப்பிட வந்தார்கள் என்று கேட்டால் மைனஸ் ஒருவர் என்று சொல்கிற மாதிரி விடை அது. கணக்குத் தெரியாத முதல் வரிசைக்கே ஏதோ கோளாறு என்று புரிந்துவிட்டது. நெறியாளர் எழுந்தார். டைப்பிங் மிஸ்டேக் மேடம், குறி மாறி அச்சாகியிருக்கிறது, பேனாவில் திருத்திவிடலாம் என்றார். தப்பிக்க நல்ல வழி. தலையாட்டினால் போதும், எல்லாரும் சாப்பிடப் போகலாம்.

கோகிலா திரும்பாமலே சொன்னார்: "இல்லீங்க சார். டைப்பிங் இல்லீங்க. கையில போட்டாலும் எனக்கு இதேதானுங்க வருது."

பலகையைத் துடைக்கவில்லை. மைனஸ் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த இடத்தில் மேலிருந்து கீழாகத் தேட ஆரம்பித்தார். அந்த நிமிடம் என் மூன்று மாதச் சந்தேகம் செத்தது. விடை ஒன்று என்று தெரிந்தும், மாமியார் முன்னால், மாலைக்கு முன்னால், மைனஸ் ஒன்று என்று எழுதுகிறவர் எவரிடமும் எதையும் வாங்கியவரில்லை. தன் கையால் போட்டு, தன் கையாலேயே தப்பும் செய்தவர். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவருக்கு எப்படி இருந்தது என்று பார்க்கிற தைரியம் எனக்கில்லை.

கொஞ்ச நேரத்தில் அவரே கண்டுபிடித்தார். "எந்தப் பக்கம் சுத்துதுன்னு முதல்ல ஒரு முடிவு பண்ணுனேனுங்க மேடம். கீழ வர்றதுக்கு மட்டும் எதிர்ப்பக்கமா எடுத்துபோட்டேன்."

இத்தனை நாள் ஏன் தெரியவில்லை என்று நான் கேட்கவில்லை, பார்த்ததும் எனக்கே விளங்கிவிட்டது. அவர் போட்ட எடுத்துக்காட்டுகள் எல்லாம் முப்பரிமாண வெளியில் உள்ள கோடுகளை எண்ணுவது. அங்கே பின்னத்தின் கீழே வருகிற காரணிகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. மைனஸ்கள் ஜோடி ஜோடியாக வந்து ஒன்றையொன்று அடித்துவிட்டன. ஒற்றைப்படையில் ஒரே ஒரு கணக்கு போட்டிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். அவ்வளவு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று முனைவர் பட்டம் படிக்கிற யாருக்கும் தோன்றாது. இது எங்கள் கூட்டத்துக்கே உரிய தப்பு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நேர்மை வேறு, தேற்றம் வேறு. ஐந்தாம் அத்தியாயம் எல்லாப் பரிமாணத்துக்கும் பொதுவாகப் பேசுகிறது. அந்தக் குறியைத் திருப்பினால் அதில் எது நிற்கும், எது விழும் என்று தெரியாமல் நான் கையெழுத்துப் போட முடியாது. மறுசமர்ப்பிப்பு என்று எழுதினால் அவருடைய வேலை போகும். முடிவைத் தள்ளிவைத்துவிட்டு, பக்கத்திலிருந்த காலி வகுப்பில் அவரோடு உட்கார்ந்தேன். நெறியாளரை வெளியில் இருக்கச் சொன்னேன். இரண்டரை மணி நேரம், வரி வரியாக. நான் கேட்க, அவர் போட. மூன்று துணைத்தேற்றங்கள் அப்படியே நின்றன. முதன்மைத் தேற்றம் ஒரு குறி மாற்றத்தோடு நின்றது. அதிலிருந்து பிறந்த ஒரு கிளைத்தேற்றம் முழுதாக விழுந்தது. அது அவருக்குப் பிடித்தமானது போலிருக்கிறது, காலையில் அதைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. பேனாவை வாங்கி அவரே குறுக்கே அடித்தார். இனி இப்படி ஒரு தேற்றம் இருப்பதாக யாரிடமும் சொல்லக்கூடாது இல்லையா மேடம் என்றார். ஆமாம் என்றேன்.

அரங்கத்தில் யாரும் சாப்பிடவில்லை. மூன்றேகாலுக்கு ஒலிபெருக்கி முன் நின்று, குறித்துக்கொடுத்த திருத்தங்களோடு பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று சொன்னேன். நான் உட்கார்ந்த பிறகுதான் கைதட்டல் வந்தது. அரிசிம்பருப்புச் சோறு ஆறியிருந்தது, ஆறினாலும் நன்றாக இருந்தது. மாமியார் என் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு ரகசியக் குரலில் கேட்டார்.

"அம்மணி, என்ற மருமவ மைனஸுன்னு எழுதுனாளே. மார்க்குல கொறைச்சுபோட்டீங்களா?"

"அது எழுதினதாலதாம்மா பாஸ்" என்றேன். அவர் நம்பவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி நெய் ஊற்றச் சொன்னார்.

தேர்வு நடத்தப் போகிறவர்களுக்கு நடைமுறைக் குறிப்புகள். அறை வாடகையை நீங்களே கட்டுங்கள், முன்னாலேயே சொல்லிவிட்டால் திருப்பி அனுப்புகிற தொல்லை இருக்காது. ஆர்.எஸ்.புரத்தில் தங்கினால் மேட்டுப்பாளையம் ரோடு பக்கம்; காலையில் பெரியநாயக்கன்பாளையத்துக்கு முக்கால் மணி நேரம், மாலையில் திரும்ப ஒன்றேகால் மணி வைத்துக்கொள்ளுங்கள், துடியலூரில் நிற்க வேண்டியிருக்கும். திரும்புகிற ரயிலை ஏழு மணிக்கு மேல் போடுங்கள். மதியச் சாப்பாடு மதியத்தில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். தேர்வில் பெரிய கேள்விகளை நெறியாளருக்கு விட்டுவிட்டு, சின்னக் கணக்காக ஒன்றைப் பலகையில் போடச் சொல்லுங்கள். போட்டு முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்லாமல் நழுவிவிடலாம் என்று பார்த்தேன். படித்துப் பார்த்த என் மகள் விடவில்லை.

சாப்பிட்டு முடித்து வெளியே வந்தால் கல்லூரி வாசலில் கார் நின்றது. கோகிலாவும் ஸ்டேஷன் வரை வருவதாக நின்றிருந்தார். தங்கராசு முன் கதவைத் திறந்து, துண்டை விலக்கி, அந்தப் பட்டுக்கடைப் பையை இரண்டு கையாலும் எடுத்தார். நான் முந்திக்கொண்டேன். தயாராக வைத்திருந்த உரையை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். தவறாக நினைக்காதீர்கள், நான் யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை, உங்கள் அன்புக்கு நன்றி என்று பாதி வரை போய்விட்டேன். அவர் பையைப் பிடித்தபடியே விழித்தார்.

"இது கோகிலாவுக்குங்க மேடம்" என்றார். பிறகு, நான் இன்னும் ஏதோ விளக்கம் எதிர்பார்க்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, தணிந்த குரலில் சேர்த்துக்கொண்டார். "பாஸானாலும் ஆகாட்டியும் இன்னைக்குக் குடுத்துபோடோணும்னு வாங்கி வெச்சதுங்க."

கோகிலா பையை வாங்கிக்கொண்டார். காலையிலிருந்து பலகை முன்னால் அழாதவர், அங்கே அழுதார். உரையின் மீதிப் பாதியை மனதுக்குள்ளேயே மடித்து வைத்துக்கொண்டு நான் பின் சீட்டில் ஏறினேன்.